பூட்டிய போனில் மூன்று பெல்

போன மாதம் எங்கள் ஆபீசில் ஒரு கூட்டம். ஒருத்தி ஒரு ஊரிலும் இன்னொருத்தி இன்னொரு ஊரிலும் உட்கார்ந்துகொண்டு ஒரே புரோகிராமைச் சேர்ந்து எழுத எந்த மென்பொருளை வாங்கலாம் என்று விவாதித்தார்கள். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒன்றில் படம் தெளிவு, ஒன்றில் குரல் தெளிவு, ஒன்றில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம். என்னிடம் கருத்துக் கேட்டார்கள். ஜீப், பலாமரம், மாமி என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள்.

நானும் என் கூட்டுக்காரியும் தொண்ணூறுகளில் ஒரே கீபோர்டில் இரண்டு பேராக வேலை செய்தவர்கள். ஆசைப்பட்டு அல்ல. கேரள எல்லைக்குள் இருக்கும் நெய்யாற்றின்கரையில் ஒரு மாடியில் இருந்த எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில், படிக்க வரும் பிள்ளைகளுக்கே மெஷின் போதாது. சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அவள் அடிப்பாள், நான் பக்கத்தில் இருந்து குற்றம் கண்டுபிடிப்பேன். பிறகு இடம் மாறுவோம், அவள் என்னைத் திட்டுவாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்கு நாக்கு நுனியில். இருந்தாலும் சேர்ந்து எழுதினால் புரோகிராம் ஓடும், தனியாக எழுதினால் இரண்டு பேருடையதும் படுத்துவிடும். இதை எங்கள் சார், அதாவது சென்டரின் முதலாளி, நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

அந்த வருஷம் ஆனி மழையில், தனுவச்சபுரம் காலேஜ் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வந்த பஸ்ஸின் படியிலிருந்து அவள் வழுக்கி விழுந்தாள். தொடை வரை மாவுக்கட்டு. வீடோ பாறசாலைக்கு அப்பால், ரயில் பாதையையும் தாண்டி உள்ளே.

கையில் இருந்த வேலை ஒரு வாடகைச் சாமான் கடைக்கு. கல்யாணங்களுக்குப் பாயசம் காய்ச்சும் பெரிய வார்ப்பு, அண்டா, பெஞ்சு, டெஸ்க் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை. எந்தப் பாத்திரம் எந்தக் கல்யாண வீட்டில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். ஆவணி பிறந்தால் எங்கள் பக்கம் கல்யாணங்கள் வரிசை கட்டும். அதற்குள் புரோகிராம் ஓடியாக வேண்டும்.

சார் ஒரு பழைய மெஷினை ஜீப்பில் ஏற்றி அவள் வீட்டில் இறக்கிவிட்டு, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மலையாளத்தில் தீர்ப்புச் சொன்னார். ஆவணிக்குள் கடைக்காரர் சம்மதித்தால் மெஷினும் அவளுக்கே, வேலையும் அவளுக்கே, வீட்டிலிருந்தே செய்யலாம். இல்லையென்றால் அதே ஜீப் மெஷினை எடுக்க வரும், வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். அவள் அண்ணன் வேறு, வேலை போனதும் அவளைப் பம்பாயில் இருக்கும் அக்காள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடலாம் என்று காத்திருந்தான். அவள் பம்பாய் போனால் நான் யாரிடம் குற்றம் கண்டுபிடிப்பது? எனக்கு அழுகையே வந்தது.

ஆக, கருவி தேடும் படலம் தொடங்கியது.

முதல் கருவி ஃப்ளாப்பி. நான் எழுதியதை ஃப்ளாப்பியில் பதிந்து, சோற்றுப் பாத்திரத்துக்குள் வைத்து, பாறசாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் டிரிப் ஜீப்பின் டிரைவரிடம் கொடுத்தேன். பத்திரமாகக் கொண்டுபோகச் சொன்னேன். அவர் ரொம்பப் பத்திரமானவர். பாத்திரம் கவிழ்ந்துவிடக் கூடாது என்று ஃப்ளாப்பியைத் தனியாக எடுத்து, வண்டியிலேயே மிகவும் பாதுகாப்பான இடம் என்று அவர் நம்பிய இடத்தில் செருகினார். அது பாட்டுப் பெட்டியின் ஸ்பீக்கர். உள்ளே இருக்கும் காந்தம் எங்கள் ஒரு வார உழைப்பைத் துடைத்து எடுத்துவிட்டது. சோற்றுப் பாத்திரம் மட்டும் அலுங்காமல் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது, மோடம். நகரத்துக் கடையில் ஒருவர் அதைத் துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டினார். போன் கம்பி வழியாக நான் எழுதுவது அவளுக்குத் தெரியுமாம். எல்லாம் சரி, அவள் வீட்டில் போன் உண்டா என்று கேட்டார். எழுதிக்கொடுத்துக் காத்திருக்கிறார்கள் என்றேன். கடைக்காரர் மோடத்தைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அவள் வீட்டுச் சந்திலேயே போன் இருந்தது அடுத்த வீட்டு மாமியிடம் மட்டும். மாமி தனி ஆள். மாமா இறந்து வெகு காலம். ஒரே மகன் கல்ஃபில். போய் நாலைந்து வருஷமாக லீவில் வரவில்லை. மாமியின் நாள் முழுவதும் கோயில், கோழி, போன் என்று மூன்றாகப் பிரிந்திருந்தது. கோயில் என்றால் பழைய மிஷன் கோயில், ஞாயிறு தவறாமல். போனுக்குப் பூப்போட்ட உறை தைத்திருந்தார்.

என் கூட்டுக்காரியால் அங்கே நடந்து போக முடியாது. அதனால் அவள் அண்ணனை மிரட்டி, மாமி வீட்டிலிருந்து பலாமரம் வழியாக அவள் கட்டில் வரைக்கும் ஒரு வயர் இழுத்து, இன்னொரு போனை மாட்டிவிட்டோம். டிபார்ட்மென்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை, டிபார்ட்மென்டும் எங்களைக் கேட்கவில்லை. மாமி இரண்டு கண்டிஷன் போட்டார். அவள் பக்கத்துப் போனில் டயல் இருக்கக் கூடாது. வருவதை எடுக்கலாம், இவளாக யாரையும் கூப்பிடக் கூடாது. இரண்டாவது, "வெள்ளிக்கெழம பத்து மணிக்கு அடிச்சா எடுக்கப்பிடாது கேட்டியா. அது எனக்க பெல்லாக்கும்."

"செரி மாமி" என்றாள் இவள். எடுக்கக் கூடாது, அவ்வளவுதானே. என்னிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கருவி பிரமாதமாக வேலை செய்தது. மத்தியானம் பிள்ளைகள் போனதும் நான் கூப்பிடுவேன். நான் ஒவ்வொரு வரியாக வாசிப்பேன், அவள் அங்கே அடிப்பாள். பிறகு அவள் வாசிப்பாள். இடையில் மூன்றாவதாக ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். மாமி தன் பக்கத்து ரிசீவரை எடுத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"மாமி, வைங்கோ" என்பாள் கூட்டுக்காரி.

"நான் ஒண்ணும் கேக்கல்ல" என்று மாமி அந்த ரிசீவரிலேயே பதில் சொல்வார். "எட்டி, ஒரு பிராக்கெட் தொறந்தியே, அத மூடினியா?"

மூடியிருக்க மாட்டாள். மாமிக்குப் புரோகிராம் புரிந்ததா என்றால் ஒரு எழுத்தும் இல்லை. திறந்தது எதுவும் மூடாமல் கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது, கோழிக்கூடானாலும் பிராக்கெட்டானாலும்.

பில்லைப் பார்த்த சார் போனின் டயலில் ஒரு குட்டிப் பூட்டு போட்டுவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு கால், அதுவும் அவர் சாவியால் திறந்த பிறகு. எனக்கு வந்த கோபத்தில் பூட்டையே கடித்திருப்பேன். ஆனால் அந்தக் காலத்தில் விவரம் தெரிந்த எல்லோருக்கும் ஒரு வித்தை தெரியும். ரிசீவரை வைக்கும் இடத்தில் இருக்கும் கட்டையை எண்ணுக்குத் தக்கபடி டக்டக்கென்று தட்டினால் டயல் சுற்றாமலே நம்பர் போகும். ஒன்பதோ பூஜ்யமோ வந்தால் விரல் கழன்றுவிடும். மற்றபடி நல்ல வித்தை. எதிர்ப்பக்கம் எடுக்காதவரை பில்லிலும் ஏறாது.

அதனால் பெல்லிலேயே பேசத் தொடங்கினோம். ஒரு பெல் அடித்து வைத்தால் "வந்துட்டேன், உட்காரு". தினமும் காலையில் சென்டரைத் திறந்து உட்கார்ந்ததும், பத்து மணி வாக்கில், ஒன்று அடிப்பேன். இரண்டு பெல் என்றால் "ஓடுது". மூன்று பெல் என்றால் "போச்சு, எதையும் தொடாதே, பிறகு கூப்பிடுகிறேன்".

எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் கல்ஃபுக்கு ஆள் அனுப்பிய ஒவ்வொரு வீட்டிலும் இதே மூளை வெகு காலமாக இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அங்கிருந்து பேசினால் காசு பறக்கும். பெல் அடித்து வைத்தால் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வீடு கணக்கு வேறு, அதை வெளியே சொல்ல மாட்டார்கள். மாமி வீட்டுக் கணக்கில் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு பெல் என்றால் "அம்மா, நல்லா இருக்கேன்". மூன்று பெல் என்றால் "விமானம் ஏறப் போறேன்".

ஆடி முடியப் போகும் சமயம், ஒரு வெள்ளிக்கிழமை. ஏதோ ஒரு கட்சி பந்த் அறிவித்திருந்தது. கடைகள் இல்லை, பஸ் இல்லை. சென்டர் சாவி என்னிடம் இருந்தது, என் வீடும் நடக்கும் தூரம். பின்பக்கப் படி வழியாக ஏறிப்போய், கடையின் ஆனி மாதக் கணக்கைப் போட்டுப் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். ஒரு பெரிய வார்ப்பு, ஒரே நேரத்தில் திருப்புறம் ஊரில் ஒரு கல்யாணத்திலும் கடையின் அலமாரியிலும் இருந்தது. ஒரு கல்யாண வீட்டிலிருந்து கடைக்கு வராமல் நேராக அடுத்த கல்யாணத்துக்குப் போன பாத்திரத்தையெல்லாம், வீடு திரும்பிவிட்டது என்று புரோகிராம் சாதித்தது. உடனே தட்டினேன் மூன்று பெல்.

கொஞ்ச நேரம் நானே பிழையைத் தேடி முட்டிக்கொண்டுவிட்டுப் பிறகு கட்டையில் தட்டியே கூப்பிட்டேன். அவள் எடுத்தாள்.

"எட்டி, வார்ப்பு ரெண்டு எடத்துல நிக்குது."

"வார்ப்பு கெடக்கட்டு. இங்க ஒரே கூத்து. மாமிக்க மொவன் வாறானாம். மாமி ஜீப்பு பிடிச்சு, கண்ணாடியில ஏர்போர்ட்னு எழுதி ஒட்டி, புதுச் சேலையும் உடுத்து இப்பத்தான் போனா."

ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, பால் இந்த மூன்று வண்டிகளையும் பந்த்காரர்கள் விட்டுவிடுவார்கள்.

"லெட்டர் வந்துதா?"

"இல்ல. பத்து மணிக்கு மூணு பெல் அடிச்சானாம். அதாக்கும் அவனுக்க கணக்கு. பந்த் ஆனதுனால சென்டர் பூட்டிக் கெடக்கும், இது அவன்தான்னு சொல்லிட்டுப் போனா."

"எட்டி, மூணு பெல் அடிச்சது நானாக்கும்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அன்றைக்கு ஒரே மூச்சுதான்.

"சொன்னா வயர அறுத்துப் போடுவா" என்றாள் கடைசியில். "பின்ன புரோகிராம் இல்ல. நான் பம்பாய்க்குப் போவேண்டியதுதான்."

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா ஏர்போர்ட்டுல வாறவன் மொகத்த எல்லாம் பாத்துக்கிட்டு நிப்பா. ஓடு மக்கா. நெய்யாற்றின்கரை தாண்டித்தானே ஜீப்பு போவணும்."

ஓடினேன். சந்திப்பில் ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டி, கொடி பிடித்துக்கொண்டு பையன்கள் நின்றார்கள். அதில் ஒருவன் எங்கள் சென்டரில் படித்துப் பாதியில் நின்றவன். என்னைப் பார்த்ததும் கொடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஜீப் வந்தது. கண்ணாடியில் ஏர்போர்ட் என்று பெரிதாக எழுதியிருந்தது. "ஏர்போர்ட்டாக்கும், விடு விடு" என்று அவன் கயிற்றை இறக்கப் போனான்.

"விடாதே!" என்று கத்தினேன். "பிடி லே கயிற!"

அந்தக் கட்சிக்கு என் வாழ்நாளில் நான் செய்த ஒரே தொண்டு அது. பையன்களே பயந்துபோய்க் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள்.

மாமி முன் சீட்டில், மடியில் தூக்குப் பாத்திரத்தோடு இருந்தார். பவுடர் போட்டிருந்தார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, கட்டையில் தட்டுவது, மூன்று பெல், வார்ப்பு. நடுவில் வார்ப்பைப் பற்றி ஏன் அவ்வளவு விளக்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்போ" என்றார் கடைசியில், "போன வெள்ளிக்கெழம ஒண்ணு அடிச்சுதே?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. போன வெள்ளிக்கிழமை காலை சென்டரைத் திறந்ததும் ஒன்று அடித்தேன். அதற்கு முந்தின வெள்ளியும் அடித்தேன். பெல்லில் பேசத் தொடங்கிய நாளிலிருந்து எல்லா வெள்ளியும் அடித்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன்.

"அது நான் இல்ல மாமி. நான் வெள்ளிக்கெழம லேட்டாக்கும் வருவேன்."

"இல்ல?"

"சத்தியமா இல்ல."

"செரி" என்றார்.

டிரைவர் வண்டியைத் திருப்பட்டுமா என்று கேட்டார். மாமி இறங்கினார். தூக்கைத் திறந்தார். வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். "ஏரோபிளேன்ல என்னத்த குடுப்பானுவ, வந்து எறங்கினதும் பசிக்கும்னு எடுத்தேன்" என்றார். பிறகு பந்த் பையன்களைப் பார்த்து, "எலே, இங்க வாங்க. கட பூராவும் நீங்கதானே பூட்டுனீங்க, உங்களுக்கும் ஒண்ணும் கெடச்சிருக்காது. நெறஞ்ச பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு நான் திரும்பிப் போவ மாட்டேன்."

பையன்கள் கொடிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு இலை பறித்து வந்தார்கள். எனக்கும் ஒரு பங்கு. மீன் கறி தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. இறங்கியது, நன்றாகவே இருந்தது. காலியான தூக்கோடு மாமி ஜீப்பில் ஏறினார். கயிற்றை இறக்கி, கொடியை ஆட்டி, மரியாதையாக அவரை வந்த வழியே அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் சார் பூட்டைத் திறந்து கொடுத்ததும் நம்பரைச் சுற்றினேன். செத்துப்போன லைனைக் கேட்கத் தயாராகத்தான் காதில் வைத்தேன். பெல் போனது. கூட்டுக்காரி எடுத்தாள். லைனில் மூன்றாவது மூச்சும் இருந்தது.

"ம்ம், சொல்லுங்கோ" என்றார் மாமி. "அந்த வார்ப்பு எங்கதான் போய்த் தொலஞ்சுது?"

கூட்டுக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். வார்ப்புக்கு இரண்டே இடம் வைத்தோம், கடை அல்லது கல்யாண வீடு. அதுதான் தப்பு, "வழியில்" என்று மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்றாள். அன்றைக்கே அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். எல்லா பிராக்கெட்டும் மூடினோம்.

கடைக்காரர் வந்தார். கம்ப்யூட்டரை நம்பாதவர், கையில் ஒரு கரண்டியோடு வந்து, இதன் ஜோடி எங்கே என்று கேட்டார். புரோகிராம் ஆனி மாதத்துக் கல்யாண வீடு ஒன்றைச் சொன்னது. ஆளை அனுப்பிப் பார்த்தார். கரண்டி அங்கேதான், ஒரு சாம்பார் அண்டாவுக்குள் கிடந்தது. அவர் முகம் மலர்ந்துபோனது. சார் என்னைப் பார்த்து, "ஆ மெஷின் அவிடத்தன்னெ கிடக்கட்டே" என்றார். மெஷின் அங்கேயே இருக்கலாம். அவர் முதுகைத் திருப்பியதும் கட்டையில் தட்டினேன், இரண்டு பெல். அவள் பம்பாய் போகவில்லை. கட்டு அவிழ்த்த பிறகும் அந்தக் கட்டிலிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் பேசும்போது அவள் ஒரு சேதி சொன்னாள். அதிசயமாக மாமியின் மூச்சு லைனில் இல்லை.

"ஞாயித்துக்கெழம கோயில் விட்டு வரும்போ மாமி பாறசாலை எஸ்டிடி பூத்துல கேறி மொவனுக்க கம்பெனி ஆபீசுக்கு விளிச்சு, அவன வரவழைச்சுப் பேசிட்டா. அவனுக்கு ஒண்ணும் இல்ல, சொகமாத்தான் இருக்கானாம். வேற எடத்துக்கு மாத்திட்டானுவளாம். அங்க பக்கத்துல போன் இல்லாததுனால ரெண்டு மாசமா பெல் அடிக்கவே முடியல்லியாம். கிறிஸ்மஸுக்கு வாறேன்னு சொல்லியிருக்கான்."

"ரெண்டு மாசமா?" என்றேன்.

"ஆமா. என்ன?"

"ஒண்ணும் இல்ல."

சத்தியமா இல்ல என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னது காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. மாமிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ரொம்ப வெட்கமாக இருந்தது. பாறசாலைப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சென்டரைத் திறந்தேன். பிள்ளைகள் வந்தார்கள், சாரும் வந்து நாற்காலியில் அமர்ந்து பேப்பரை விரித்தார். பத்து மணி நெருங்கியது. பழக்கத்தில் கை கட்டைக்குப் போனது. அடிக்கலாமா? அது மாமியின் பெல். அடிக்காவிட்டால் அந்தப் பூப்போட்ட உறைக்கு முன்னால் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அடித்தால், பொய் சொன்னவள் மறுபடியும் வந்துவிட்டாள் என்று ஆகும். கையை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சரியாகப் பத்து மணிக்கு எங்கள் போன் அடித்தது. ஒரே ஒரு பெல். சார் கையை நீட்டுவதற்குள் நின்றுவிட்டது.

"ஆரா?" என்றார் சார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

கூட்டுக்காரியின் போனில் டயல் கிடையாது.

"தெரிஞ்ச ஆளுதான் சார்" என்றேன். "நல்லா இருக்காங்களாம்."